நடுச்சுவரில் காணாமல் போன நாலு அடி

அந்த வட்டாரத்தில் அவளை எல்லோரும் சாவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பில் எப்போதும் இரண்டு சாவிக்கொத்துகள் தொங்கும். இடது பக்கம் மேற்குக் கோயிலின் கொத்து, வலது பக்கம் கிழக்குக் கோயிலின் கொத்து. நடந்தால் இரண்டும் சேர்ந்து கிலுகிலுக்கும். "ரெண்டு சபையும் ஒண்ணா சத்தம் போடுற ஒரே இடம் என் இடுப்புதான்" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள்.

மேற்குக் கோயில், கிழக்குக் கோயில் என்று சொன்னாலும் கட்டடம் ஒன்றுதான். நூற்பாலை வந்த காலத்தில், ஆலை முதலாளி தொழிலாளிகளுக்காகக் கட்டிக்கொடுத்த நீளமான மண்டபம். கத்தோலிக்கர்கள் காலையில் பூசை வைத்துக்கொண்டார்கள். சீர்திருத்த சபைக்காரர்கள் சாயங்காலம் ஆராதனை நடத்தினார்கள். மண்டபத்தின் நடுவில் ஒரே ஒரு பெரிய மேசை. இரண்டு கூட்டத்துக்கும் அதுதான் பீடம். காலையில் ஒரு விரிப்பு, மாலையில் வேறொரு விரிப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அறுபது வருஷத்துக்கு முன்னால் ஆலையில் ஒரு தொழிலாளி செத்துப்போனார். அவருடைய தாய் ஒரு சபை, மனைவி இன்னொரு சபை. யார் முறைப்படி அடக்கம் செய்வது என்று மண்டபத்துக்குள்ளேயே வாக்குவாதம் முற்றி, பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். பெட்டி கீழே விழுந்தது. அதற்குமேல் என்ன நடந்தது என்று இரு தரப்பும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். முடிவு மட்டும் ஒன்று. மண்டபத்துக்குக் குறுக்கே தரையிலிருந்து கூரை வரை சுவர் எழும்பியது. அதன்பிறகு ஒரு தெருவில் மேற்கு வாசல், மறு தெருவில் கிழக்கு வாசல். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால் சைக்கிள் கடையையும் ஆலையின் நீண்ட மதிலையும் சுற்றிக்கொண்டு ஐந்து நிமிஷம் நடக்க வேண்டும்.

சாவியக்கா பிறந்தது கிழக்குப் பக்கம். வாழ்க்கைப்பட்டது மேற்குப் பக்கம். ஆலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவரை அவள் கட்டிக்கொண்டபோது, அவளுடைய ஒரே அண்ணன் வீட்டு வாசலில் நின்றபடி, "இந்தப் படிய இனிமே மிதிக்காத" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அண்ணன் தையல்காரர். நறுக்கென்று பேசுகிறவர். துணியை வெட்டினால் ஒரு நூல் பிசகாது, உறவை வெட்டினாலும் அப்படித்தான். அதற்குப் பிறகு முப்பது வருஷம் அவர் தங்கையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

லேத்காரர் ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டியவர் அப்படியே சரிந்து உயிரை விட்டார். மகள் அப்போது ஆறாம் வகுப்பு. மேற்குக் கோயிலில் அந்தச் சமயம் இருந்த ஃபாதர் அவளுக்குக் கோயிலைக் கூட்டித் துடைக்கிற வேலையைக் கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்து, கிழக்குக் கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்த கோயில்பிள்ளை முதுகு பிடித்துப் படுத்துவிட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. அங்கே இருந்த பாஸ்டரின் மனைவி சாவியக்காவைக் கூப்பிட்டனுப்பினாள். சபைக் குழுவின் செயலாளர் அந்தத் தையல்கார அண்ணன்தான். குழுவில் அவர் சொன்னது அன்று மாலைக்குள் அவள் காதுக்கு வந்துவிட்டது.

"சுத்தம் பண்ண வரட்டும். ஆராதனைக்கு வரக் கூடாது."

சாவியக்கா அதைக் கேட்டு இடுப்புச் சாவிக்கொத்தைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "நல்லதாப் போச்சு. பிரசங்கம் கேக்குற நேரம் மிச்சம்" என்றாள். ஆனால் அன்று சாப்பிடவில்லை என்று மகள் பிற்பாடு சொன்னாள்.

செவ்வாயும் வெள்ளியும் மேற்கு, புதனும் சனியும் கிழக்கு. இப்படியே பல வருஷம் ஓடியது. மகள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். சாவியக்காவுக்கு ஐம்பது தாண்டியது. இரண்டு பக்கத்திலும் எந்தப் பெஞ்சின் கால் ஆடும், எந்த ஜன்னலில் புறா எச்சமிடும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அது ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். கிழக்குப் பக்கத்தில் நடுச்சுவரை ஒட்டிக் கூட்டிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கமும் யாரோ கூட்டுகிற சத்தம் கேட்டது. மண்டபம் பெரியது, எதிரொலிக்கும். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூலைக்கு வந்ததும் நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

சத்தம் நிற்கவில்லை. இன்னும் மூன்று இழுப்பு. அப்புறம் விளக்குமாற்றின் அடியை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுகிற சத்தம்.

மேற்குக் கோயிலை முந்தின நாள் பூட்டியவள் அவள்தான். சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. இன்னொரு சாவி ஃபாதரிடம், அவரோ காலை பஸ்ஸில் வெளியூர் போயிருந்தார். யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று நினைத்து, கிழக்கு வாசலைப் பூட்டிக்கொண்டு, சைக்கிள் கடையைச் சுற்றி வேக வேகமாக நடந்து போய் மேற்கு வாசலைத் திறந்தாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. பெஞ்சுகள் அவள் நேற்று இழுத்துப் போட்ட வரிசையிலேயே கிடந்தன. சுவர் அருகே போய் நின்றாள்.

இப்போது கூட்டுகிற சத்தம் கிழக்கே கேட்டது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அவள் பூட்டிவிட்டு வந்த பக்கத்திலிருந்து.

வாசலுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் காலை நகர்த்தாமல் சுவரில் காதை வைத்துக் கேட்டாள். சுவர் குளிர்ச்சியாக இருந்தது. இழுத்து, இழுத்து, ஒரு சின்ன நிறுத்தம். மறுபடி இழுத்து, இழுத்து. பிறகு வாளியில் துணியை முக்கிப் பிழிகிற சத்தம், தண்ணீர் சொட்டுகிற சத்தம். தொழில் தெரிந்த கை என்று அவளுக்குப் புரிந்தது. மூலையில் தூசி தங்கவிடாமல் விளக்குமாற்றைத் திருப்பிப் போட்டு வாரும்போது வருகிற அந்தச் சரக்கென்ற ஓசை எல்லோருக்கும் கைவராது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மேற்கில் மந்திரிப்பார்கள், கிழக்கில் வேலையை விட்டு நிறுத்துவார்கள். எட்டு மாசம் அப்படியே போயிற்று. சத்தம் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ வரும், எப்போதும் நல்ல பகலில்தான். முதலில் சுவர்ப்பக்கம் முதுகைக் காட்டாமல் வேலை செய்தாள். பிறகு பழகிப்போயிற்று. பழகிப்போனது என்றால் பயம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பல்வலியோடு வேலைக்குப் போகிற மாதிரி, அதையும் கூடவே வைத்துக்கொண்டு நடமாடினாள்.

அந்தச் சமயத்தில்தான் இரண்டு பக்கத்துக்கும் புது ஆட்கள் வந்தார்கள். மேற்கில் மூக்குக் கண்ணாடி போட்ட இளம் ஃபாதர், கிழக்கில் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி பேசுகிற ஒரு பாஸ்டர். இரண்டு பேரும் முதன்முதலில் சந்தித்துக்கொண்டது ஆஸ்பத்திரியில், அடுத்தடுத்த கட்டில்களில் கிடந்த இரண்டு ஆலைத் தொழிலாளிகளுக்கு ஜெபம் பண்ணப் போன இடத்தில். ஒரே பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். ஒரே கட்டடத்துக்கு முன்னால் இறங்கி, ஆளுக்கொரு தெருவுக்குப் போக வேண்டியிருந்தது அவர்களுக்கே கேவலமாகப் பட்டிருக்கிறது. ஒரு மாசத்தில், இரண்டு சபையும் உட்கார்ந்து பேசுவது என்று முடிவாயிற்று. பக்கத்துக்கு மூன்று பேர். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. ஒரு வாரம் மேற்கே, ஒரு வாரம் கிழக்கே.

மேற்கில் ஃபாதரோடு ஓய்வுபெற்ற கட்டட ஓவர்சியரும் ஒரு நர்ஸம்மாவும். கிழக்கில் பாஸ்டரோடு தையல்கார அண்ணனும், தபால்காரர் ஒருவரும். டீ கொடுப்பது யார் என்று ஒரு கேள்வி வந்தது. இந்தப் பக்கத்து ஆள் கொடுத்தால் அந்தப் பக்கத்துக்குக் குறை. கடைசியில் சாவியக்காவைப் போட்டார்கள். அவள்தான் இரண்டுக்கும் பொது, இரண்டுக்கும் வெளியாள். அண்ணன் மட்டும் அவள் நீட்டும் டம்ளரை வாங்க மாட்டார். அவர் முன்னால் வைத்துவிட்டு வந்துவிடுவாள். திரும்பி எடுக்கப் போகும்போது டீ ஆடை கட்டி ஆறிப்போயிருக்கும்.

பேச்சு முதல் நாளே முட்டிக்கொண்டது. ஞானஸ்நானமா, நற்கருணையா, எதுவும் இல்லை. மேசை.

"எல்லாம் பேசலாம். முதல்ல எங்க மேசைய எடுத்துட்டுப் போனதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார் அண்ணன்.

ஓவர்சியர் கண்ணாடியைக் கழற்றினார். "நாங்க எடுத்தோமா? சுவர் எழும்புன வாரமே நீங்கதான் மேசைய உங்க பக்கம் இழுத்துக்கிட்டீங்கன்னு எங்கப்பா சாகுறவரைக்கும் சொன்னாரு."

"எங்ககிட்ட இருந்தா நாங்க ஏன் பலகைல பீடம் அடிச்சு வெச்சிருக்கோம்?"

"அதே கேள்வி எங்களுக்கும் இருக்கே."

இப்படி நாலு சனிக்கிழமை. ஒரு மேசைக்காக ஆறு பெரியவர்கள் மல்லுக்கட்டுவதைப் பார்த்து நர்ஸம்மா, "ஆபரேஷன் தியேட்டர்லகூட இவ்வளவு டென்ஷன் இல்லை" என்று சாவியக்காவின் காதில் சொன்னாள். ஐந்தாவது சனிக்கிழமை மேற்குப் பக்கத்தில் கூடினார்கள். பேச்சு சுமுகமாக ஆரம்பிக்கட்டும் என்று, கர்த்தர் கற்பித்த ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொல்லலாம் என்றார் பாஸ்டர்.

அதிலும் ஒரு சிக்கல். ஜெபம் ஒன்றுதான், வார்த்தை வேறு. ஒரு பக்கம் பிதா என்றால் மறுபக்கம் தந்தை. ஒரு பக்கம் வரி முடிந்துபோகும், மறுபக்கம் இன்னும் நீளும். ஆறு பேரும் முட்டி மோதி, ஒருத்தர் முந்தி ஒருத்தர் பிந்தி, எப்படியோ முடித்தார்கள். முடித்துவிட்டு எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஒரு குரல் மட்டும் மூடவில்லை.

அது சுவரிலிருந்து வந்தது. மெல்லிய குரல். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத, வேலை செய்துகொண்டே ஜெபிக்கிற ஒருவரின் மூச்சு வாங்குகிற குரல். பிதாவே என்றது, தந்தையே என்றது, இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லிக்கொண்டு போனது. அவசரமில்லாமல் கடைசி வரி வரை போய், ஆமென் என்று முடித்தது.

மண்டபத்தில் மின்விசிறி மட்டும் சுற்றியது. தபால்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"மைக் ஏதும் ஆன்ல இருக்கா?" என்று கேட்டார் பாஸ்டர்.

"மைக்கே இல்லீங்க" என்றார் ஃபாதர்.

அண்ணன் சட்டென்று எழுந்தார். "அந்தப் பக்கம் ஆள ஒளிச்சு வெச்சு வேடிக்கை காட்டுறீங்களா?"

"அந்தப் பக்கம் உங்க பக்கமுங்க" என்றார் ஓவர்சியர்.

அதுதான் அண்ணனை நிறுத்தியது. ஓவர்சியரும் அவரும் சாவியக்காவை அழைத்துக்கொண்டு தெருவைச் சுற்றி ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். கிழக்கு வாசலைத் திறந்தார்கள். உள்ளே யாரும் இல்லை. அண்ணன் ஒவ்வொரு பெஞ்சின் கீழும் குனிந்து பார்த்தார். ஓவர்சியர் பெஞ்சைப் பார்க்கவில்லை. வாசலிலிருந்து சுவர்வரை அடி எண்ணி நடந்தார். பிறகு மேற்கே திரும்பி வந்து அங்கேயும் நடந்தார். வெளியே போய் கட்டடத்தின் முழு நீளத்தையும் நடந்தார். திங்கட்கிழமை அளவு நாடாவோடு வந்து மறுபடி அளந்தார். மறு சனிக்கிழமை ஒரு தாளை விரித்து வைத்தார்.

"உள் அளவு ரெண்டையும் கூட்டி, சுவர் கனத்தையும் சேர்த்தாலும் வெளி அளவு வரலை. நாலு அடி குறையுது."

"அப்படின்னா?" என்றாள் நர்ஸம்மா.

"நடுவுல இருக்கிறது ஒரு சுவர் இல்லைம்மா. ரெண்டு. ஒருத்தர் கட்டின சுவர ஒருத்தர் நம்பலை. ஆளுக்கொண்ணு கட்டிக்கிட்டாங்க. நடுவுல நாலு அடி அப்படியே நின்னுபோச்சு. கதவு இல்லை, ஜன்னல் இல்லை. மேலே கூரைப் பலகை. உள்ள போக வழியே கிடையாது."

அப்போதுதான் சாவியக்கா டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தாள்.

"எட்டு மாசமா எனக்குக் கேக்குதுங்க. ஜெபம் இல்லை. கூட்டுற சத்தம். துடைக்கிற சத்தம்."

"எட்டு மாசமா ஏன் சொல்லலை?" என்றார் ஃபாதர்.

"நீங்க ரெண்டு பேரும் மேசைக்கே நாலு வாரம் சண்டை போட்டீங்க ஃபாதர். இதச் சொன்னா, அந்த விளக்குமாறு யாரோடதுன்னு ஒரு வருஷம் போடுவீங்க."

பாஸ்டர் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. ஆனால் முதல்முறையாக, தங்கையின் முகத்தை நேராகப் பார்த்தார்.

சுவரைத் திறப்பது என்று தீர்மானம் போட இரண்டு மாசம் ஆயிற்று. இரண்டு சபையிலும் மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. அதற்குள் ஊரில் கதை கட்டிவிட்டார்கள். சுவர் கட்டிய கொத்தனார் ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டார் என்றார்கள். விழுந்த பெட்டியையே உள்ளே வைத்து மூடிவிட்டார்கள் என்றார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று போலீஸ் ஸ்டேஷனில் சொல்லி ஒரு ஏட்டையாவையும் வரவழைத்தார்கள். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மேற்கு வாசலுக்கு மிக அருகில், தேவைப்பட்டால் ஓடத் தோதாக நின்றார்.

காலை பத்து மணி. ஜன்னல் வழியாக வெயில் பெஞ்சுகள்மேல் விழுந்துகொண்டிருந்தது. கொத்தனார் மார்பளவு உயரத்தில் உளியை வைத்து அடித்தார். ஐந்தாவது செங்கல் உள்பக்கமாக விழுந்தது. விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அறுபது வருஷம் அடைபட்ட காற்று என்பதால் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். சாவியக்கா பொத்தவில்லை. அவளுக்குத்தான் அந்த வாசனை முதலில் தெரிந்தது. இப்போதுதான் துடைத்து முடித்த தரையின் வாசனை.

ஒரு ஆள் நுழைகிற அளவு இடிபட்டதும் ஓவர்சியர் டார்ச் அடித்துப் பார்த்தார். எலும்பு இல்லை. பெட்டி இல்லை. இரண்டு சுவருக்கும் நடுவில், பக்கத்துக்கு ஒரு ஆள் ஒடுங்கி நிற்கிற இடம் மட்டும் விட்டு, கனமான கால்களோடு அந்த மேசை நின்றது. நீ எடுத்தாய், நான் எடுத்தேன் என்று இரண்டு தலைமுறை அடித்துக்கொண்ட மேசையை யாருமே எடுக்கவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து அதை நடுவில் விட்டுச் சுவர் எழுப்பியிருந்தார்கள். கட்டியவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏட்டையா தொப்பியைப் போட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டார். நர்ஸம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். தபால்காரர், "மேசைதானே" என்று மூன்று தடவை சொன்னார். எல்லோருக்கும் பயம் விட்டுப்போயிற்று. சாவியக்காவுக்கு மட்டும் அப்போதுதான் நிஜமான பயம் பிடித்தது.

தூசி இல்லை. அதை அவர்கள் யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கிற கண் அவளுக்குத்தான் இருந்தது. பூட்டிய வீட்டில் ஒரு மாசத்துக்கு எவ்வளவு தூசி படியும், ஒரு வருஷத்துக்கு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். அறுபது வருஷத்துக்குக் கணுக்கால் புதைய வேண்டும். தரையில் இடிந்து விழுந்த செங்கலும் சற்று சுண்ணாம்புத் தூளும் தவிர வேறொன்றும் இல்லை. மூலைகளில் சிலந்தி வலை இல்லை. மேசைக் கால்களின் கடைசல் பள்ளங்களில்கூட அழுக்கு இல்லை. அவள் துளை வழியே கையை நீட்டி மேசையின்மேல் வைத்தாள்.

ஈரமாக இருந்தது.

"ஓதம்" என்றார் ஓவர்சியர். "அஸ்திவாரத்துலேருந்து ஈரம் ஏறும். பழைய கட்டடம் இல்லையா."

"ஏறினா காலுல இருக்கணும் சார். காலு காஞ்சு கிடக்கு. மேல மட்டும் எப்படி ஈரம்?"

அவர் குனிந்து காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மேற்பலகையைத் தொட்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அண்ணன் வெகுநேரம் துளைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கிழக்குக் கோயிலின் மேடையில் ஏறி, மேற்குக்காரர்களைத் திருடர்கள் என்று சொன்னவர் அவர். சுவர் திறந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே மேடையில் ஏறி, "நான் சொன்னது பொய். தெரியாம சொன்னாலும் பொய் பொய்தான்" என்று ரெண்டே வரியில் சொல்லிவிட்டு இறங்கினார். மேற்கே ஓவர்சியரும் அவருடைய தகப்பனாரின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். இரண்டையும் கேட்ட ஒரே ஆள் நர்ஸம்மா. அவள்தான் ஓடி ஓடிக் கேட்டாள்.

மறுபக்கச் சுவரையும் திறந்து, மேசைக்குப் பக்கவாட்டில் இரண்டுக்கும் கதவு வைத்தார்கள். மேசையை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று பேச்சு வந்தபோது, எந்தப் பக்கமும் வேண்டாம், நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்று முடிவாயிற்று. அதன்மேல் சேர்ந்து நற்கருணை எடுக்கலாமா என்ற பேச்சை எடுத்தபோது ஃபாதர் தலைகுனிந்து, "எனக்கு ஆசை இருக்கு. அனுமதி இல்லை" என்றார். பாஸ்டர் அவர் தோளில் கை வைத்தார். வற்புறுத்தவில்லை. ஆனால் ஒருவர் கொடுத்த ஞானஸ்நானத்தை மற்றவர் ஒப்புக்கொள்வது, கலப்புக் கல்யாணம் செய்துகொண்டவர்களை இரண்டு பக்கமும் தள்ளிவைக்காமல் இருப்பது, மாசம் ஒரு முறை அந்த நாலு அடிக்கு இரண்டு பக்கமும் நின்று சேர்ந்து ஜெபிப்பது என்று மூன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டாவது வரியைத் தபால்காரர் வாசித்தபோது அண்ணன் தன் முன்னால் இருந்த டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை எடுத்துக் குடித்தார். சாவியக்கா சமையல் அறைப் பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

கடைசியாக, நடு இடத்தை யார் சுத்தம் செய்வது என்ற கேள்வி. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான் செய்ய மாட்டேனுங்க" என்றாள்.

"ஏன்?" என்றார் பாஸ்டர்.

"அதுக்கு ஆள் இருக்கு."

குறிப்புப் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

மேசைக்கு விரிப்பு தைப்பது அண்ணன் பொறுப்பு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சாவியக்கா மேற்குப் பக்கத்தில் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கழுத்தில் நாடாவைப் போட்டுக்கொண்டு அவர் வந்தார். நடு இடத்துக்குள் போய், நாடாவின் ஒரு நுனியை மேசை ஓரத்தில் வைத்தார். நீளமான மேசை. மறுநுனிக்குப் போனால் இந்த நுனி நழுவியது. இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் தடவை, யாரைப் பார்த்தும் இல்லாமல் பேசினார்.

"யாராவது ஒரு முனையப் பிடிச்சா நல்லாருக்கும்."

யாராவது என்று அங்கே இருந்தது அவள் ஒருத்திதான். துணியைப் போட்டுவிட்டுப் போய்ப் பிடித்தாள். அண்ணன் மறுமுனையில் குனிந்து நாடாவை இழுத்தார்.

"தொண்ணூத்தி ஆறு இன்ச்" என்றார். "அகலம்."

அவள் நகர்ந்து அகலத்துக்குப் பிடித்தாள்.

"இருபத்தி நாலு. திருப்பி நீளத்துக்குப் பிடி. நடுவுல ஏன் தூக்குற?"

"நான் தூக்கலை."

"தூக்குது பாரு. தளர்ந்தா அளவு தப்பும்."

"நான் முனையத்தாண்ணே பிடிச்சிருக்கேன். பாரு."

பார்த்தார். அவள் விரல் மேசை விளிம்போடு நாடாவை அழுத்திக்கொண்டிருந்தது. அவருடைய விரலும் அப்படியே. நாடா இரண்டு பக்கமும் பலகையோடு ஒட்டி வந்து, சரியாக நடுவில் இரண்டு விரல் கடை உயரத்துக்கு எழும்பி நின்றது, கீழே யாரோ துடைக்க வசதியாகத் தூக்கிப் பிடித்த மாதிரி. அண்ணனும் தங்கையும் மூச்சுவிடவில்லை. நாலு, ஐந்து எண்ணுகிற நேரம். பிறகு நாடா மெல்ல இறங்கிப் பலகையில் படிந்தது. அது எழும்பி நின்ற இடத்தின் அடியில் மரம் ஈரமாக மின்னியது.

அண்ணன் நாடாவை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார். வாழ்நாள் முழுக்க ஊசியில் நூல் கோத்த கையால் தரையைப் பற்றிக்கொண்டார்.

"எத்தனை நாளா உனக்கு இது தெரியும்?" என்றார்.

"அன்னைக்கே சொன்னேனே. ஒரு வருஷம் தாண்டிருச்சு."

"தனியா வந்து தனியா வேலை செஞ்சிருக்க. பயமா இல்லையா உனக்கு?"

"இருந்துச்சு. உன் கடை வாசலத் தாண்டி நடந்து போறதவிட இது கம்மிதாண்ணே."

அவர் முழங்காலைத் தேய்த்துவிட்டு, காலை மெல்ல முன்னால் தள்ளினார். அவளும் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இருவர் கால்களும் மேசைக்கு அடியில் எதிரெதிராக நீண்டு, பாதங்கள் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டன. வெளியே ஆலைச் சங்கு ஊதியது. பன்னிரண்டு மணி.

"அளவு எழுதிக்கலையே" என்றாள் அவள்.

"தொண்ணூத்தி ஆறு, இருபத்தி நாலு. எனக்கு மறக்காது." எழுந்திருக்க ஒரு கையை மேசைமேல் ஊன்றப் போனவர், ஊன்றாமல் அந்தக் கையைத் தங்கையிடம் நீட்டினார். அவள் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் காலைப் பூசை முடிந்ததும் கிழக்கே ஆராதனைக்குப் போனாள். தெருவைச் சுற்றவில்லை. நடுக்கதவு வழியாகவே போனாள். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பாட்டுப் புத்தகம் கொடுத்துக்கொண்டு வந்த தையல்காரர் எல்லோருக்கும் கொடுப்பது போலவே அவளுக்கும் ஒன்றைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "கொஞ்சம் தள்ளி உட்காருங்க, என் தங்கச்சி" என்றார்.